கொடுத்த பின்பும் விடாதவை: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

பகிர்வு 1

பண விஷயத்தில் நான் பெரிதாகச் சோதிக்கப்பட்டதில்லை. சம்பளம் வந்த அன்றே தேவனுக்குரிய பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை எடுத்து வைத்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே மாற்கு சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில், தனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கும்படி இயேசு சொன்ன அந்த ஐசுவரியவானைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம், அது வேறு யாருக்கோ சொல்லப்படுகிறது என்றே அமைதியாக உட்கார்ந்திருப்பேன்.

என்னிடம் 19 ஆண்டுகளாக ஒரே வேதாகமம் இருந்தது. ஓரமெல்லாம் என் குறிப்புகள் நிறைந்திருக்கும். என் தாயார் மரித்த வாரத்தில் வாசித்த சங்கீதத்தின் அருகே ஒரு சிறு கோடும் இருக்கும். நீண்ட நாட்களாக மருத்துவமனையில் படுத்திருந்த ஒரு பெண்மணியைச் சந்திக்கப் போயிருந்தபோது, அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் குறிப்புகளோடு வாசிக்கும்போது பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது, இது என்னிடமே இருக்கட்டுமா அக்கா?" என்று கேட்டார். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, அதைப் பையில் வைத்துக்கொண்டு, அவருக்காக ஜெபமும் செய்துவிட்டு வந்தேன். படியிறங்கும்போதே நெஞ்சு கனத்தது. வீட்டுக்கு வந்து மாற்கு 10-ஐத் திறந்தேன். "மனமடிந்து, துக்கத்தோடே போய்விட்டான்" என்ற வசனத்துக்கு எதிரே, எப்போதோ என் கையாலேயே "பண ஆசை" என்று எழுதி வைத்திருந்தேன்.

மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஆனால் அடுத்த முறை போனபோது அதன் அட்டையில் மருந்துக் கறை படிந்திருப்பதைக் கண்டதும், நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குள் கோபம் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை.

பகிர்வு 2

சகோதரி குறிப்பிட்ட அந்தக் கோபம் பழையது. 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய யோவான் காசியன் என்ற துறவி, பொன்னையும் வெள்ளியையும் பெரும் நிலபுலன்களையும் துறந்து வந்த துறவியர் சிலர், பிற்பாடு ஒரு கத்திக்காகவும் ஊசிக்காகவும் எழுதுகோலுக்காகவும் மனம் கொதித்ததைப் பதிவு செய்திருக்கிறார். தம் நூலைப் பிறர் தொடவும் விடாதவர்களைப் பற்றியும் அவர் சொல்கிறார்.

என் அனுபவம், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளைப் பின்பற்றிய எட்டு நாள் தியானம் ஒன்றில் நேர்ந்தது. 10,000 பொற்காசுகளை அடைந்தும், அதன்மேல் உள்ள பற்றால் மனம் நிம்மதியற்ற மூவகை மனிதரை அவர் நம்முன் நிறுத்துகிறார். முதல் வகையினர் பற்றை விட்டுவிட விரும்புகிறார்கள், ஆனால் சாகும்வரை அதற்காக ஒன்றும் செய்வதில்லை. இரண்டாம் வகையினர் பற்றையும் விட வேண்டும், பணமும் தம்மிடமே இருக்க வேண்டும் என்று எண்ணி, தாங்கள் விரும்பும் இடத்துக்குக் கடவுளை வரவழைக்கப் பார்க்கிறார்கள். மூன்றாம் வகையினருக்கு வைத்துக்கொள்வதிலும் நாட்டமில்லை, விட்டுவிடுவதிலும் நாட்டமில்லை. இறைவனுக்குச் சேவை செய்ய எது உகந்ததோ அதுவே போதும்.

நான் எளிமையாக வாழ்பவன் என்ற நினைப்போடு அங்கே போனவன். அப்போது ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். செபக்கூட்டங்களுக்கும் பயன்படட்டும் என்று அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருந்தேன். இதை வழிகாட்டிய அருட்தந்தையிடம் பெருமையாகவே சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்டைப் பற்றி ஆண்டவரிடம் கேட்டீர்களா, அல்லது தெரிவித்தீர்களா?" என்றார். மீதமிருந்த ஐந்து நாட்களும் அந்தக் கேள்வியோடுதான் கழிந்தன. வீட்டைக் கட்டி முடித்தேன். அதில் இன்றைக்கும் செபக்கூட்டம் நடக்கிறது. ஆனாலும் நான் இரண்டாம் வகையைத் தாண்டிவிட்டேன் என்று சொல்லத் துணியமாட்டேன்.

பகிர்வு 3

இருவருடைய பகிர்வும் என்னைத் தொட்டன. ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதால் எழுதுகிறேன். என் தகப்பனார் கையில் வந்ததையெல்லாம் ஊழியத்துக்குக் கொடுத்தார். தேவனுக்கு முதலிடம் என்பார். பள்ளிக் கட்டணத்துக்காகக் கடன் கேட்டு நின்றது அம்மா. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி விலக்கிவிடுகிறவர்களை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொள்கிறார். அந்தப் பகுதியை முதன்முதலாகக் கவனித்து வாசித்தபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை என் கோபம் தேவனுக்கு விரோதமானது என்றே நம்பிக் குற்ற உணர்வோடு இருந்தேன். தன்னுடையதை விடுவது வேறு, பிறருக்குரியதைத் தன்னுடையதுபோல் எடுத்துக் கொடுப்பது வேறு.

அப்பாவிடம் இதை நான் ஒருபோதும் பேசவில்லை. அவர் தாமாகவே அந்த அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. கடைசி ஆண்டுகளில் ஒரு மாலை, குடும்ப ஜெபத்துக்கு உட்காருமுன், மின்கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நாங்கள் கேட்டது அதுவே முதல் முறை.