மீன் தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது? உதவி தேவை

வணக்கம். பெரம்பூரில் மொட்டை மாடியில் கப்பி, ஏஞ்சல் மீன்கள் வளர்க்கிறேன். கொளத்தூரில் வாங்கிய தீவன டப்பாவில் ‘பதப்படுத்திகள் இல்லை’ என்று போட்டிருந்தது. ஆனால் முதல் பொருளே மீன்தூள். கப்பலில் வரும் மீன்தூள் தானாகச் சூடேறித் தீப்பிடிக்காமல் இருக்க எத்தாக்சிக்வின் போன்ற பதப்படுத்திகளைக் கலப்பது வழக்கம். தீவனத்தில் எத்தாக்சிக்வின் சேர்க்கும் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2017-லேயே நிறுத்தி வைத்தது.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். ‘நாங்கள் எதுவும் சேர்ப்பதில்லை’ என்றார்கள். சரி, மீன்தூள் கொடுத்தவர் சேர்த்தாரா? இரண்டு முறை கேட்டும் பதிலே இல்லை. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உள்ளதைச் சொல்லட்டும், வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

தீவனத்தைச் சோதித்துத் தரும் ஆய்வகம் சென்னையில் யாருக்காவது தெரியுமா? செலவு எவ்வளவு ஆகும்? இதை நேராகச் சொன்ன கம்பெனி ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள். அதுவரை மாய்னா, ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரிகளைத்தான் மீன்களுக்குப் போடுகிறேன்.