முருங்கை இலையின் நிறங்கள் பிரிய மாட்டேன் என்கின்றன, உதவுங்கள்

வணக்கம். தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலை நிறமிகளைப் பிரித்துக் காட்டச் சிலிகா தகடு வாங்கினேன் (சிலிகாத் தூள் மெல்லிசாகப் பூசிய தகடு; அடியிலுள்ள திரவம் அதில் ஏறும்போது நிறங்களைத் தனித்தனிப் பட்டையாகப் பிரிக்கும்). முருங்கை இலையை அசிட்டோனில் அரைத்து, பென்சில் கோட்டில் பொட்டு வைத்து, பெட்ரோலியம் ஈதரும் அசிட்டோனும் 7:3 கலந்த ஜாடியில் நிறுத்தினோம்.

கரோட்டின் மஞ்சளாக உச்சிக்கு ஏறிவிட்டது. பச்சை இலைக்குள் இவ்வளவு மஞ்சளா என்று பிள்ளைகள் ஜாடியை விட்டு நகரவே இல்லை. கீழேதான் சிக்கல். நீலப்பச்சைக் குளோரோபில் ஏ, மஞ்சள்பச்சைக் குளோரோபில் பி இரண்டும் மழையில் நனைந்த கோலம் மாதிரி ஒரே இழுவலாகக் கிடக்கின்றன. கரோட்டினுக்குக் கீழே சாம்பல் பட்டை வேறு. அது பியோபைட்டின், அமிலம் பட்டு குளோரோபில்லின் நடுவிலுள்ள மக்னீசியம் கழன்றிருக்கிறது. சரி, அடுத்த முறை அரைக்கும்போதே ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் போடுகிறேன்.

இழுவலுக்குக் காரணம் ஈரமா, பொட்டு பெரிதானதா? இங்கே ஒரு வாரமாகச் சாரல் விடவில்லை, தகட்டு டப்பாவும் திறந்தே இருந்தது. 110 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் சிலிகா ஈரத்தை விட்டுவிடும். எங்களிடம் அதற்கு ஓவன் இல்லை. வீட்டில் கேக் செய்யும் ஓவன் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் கல்லூரி ஆய்வகங்களில் இருப்பவர்கள் ஒரு மதியம் இடம் கொடுத்தால், தகடுகளோடு பஸ் ஏறி வந்துவிடுவேன்.