கால்வாய் ‘லாக்’: ‘நீர்ப்படி’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

இங்கிலாந்தின் கால்வாய்களில் நவம்பரில் தொடங்கும் பராமரிப்புப் பணிகள் மார்ச்சோடு முடிகின்றன. படகுகளை ஏற்றி இறக்கும் ‘லாக்’ (lock) எனும் அறைகளின் நீரை வடித்துவிட்டு, புதிய ஓக் மரக் கதவுகளைப் பொருத்தி மீண்டும் நீர் நிரப்புகிறார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு வாடகைப் படகுகள் புறப்பட்டுவிடும். அவற்றை ஓட்ட உரிமம் தேவையில்லை என்பதால் முதன்முறையாகச் சுக்கான் பிடிப்பவர்களே மிகுதி. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக நான் எழுதிவரும் பாதுகாப்புக் கையேட்டில் ‘லாக்’ என்பதற்கு நல்ல சொல் வேண்டும்.

இரு முனைகளிலும் கதவுள்ள அறை அது. படகு உள்ளே வந்ததும் கதவை அடைத்து, மேல்மட்டத்து நீரை உள்ளே விட்டால் படகு உயரும். கீழ்ப்பக்கம் வடித்தால் தாழும். சென்ற வாரம் இங்கு முன்வைக்கப்பட்ட ‘நீர்ப்பூட்டு’ எனக்கு உவப்பாக இல்லை. குளிர்கால அறிவிப்பில் ‘பூட்டு மூடப்பட்டுள்ளது’ என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். ‘மதகு’ அருமையான சொல்தான். ஆனால் அதே கதவுகளில், கைப்பிடியைச் சுழற்றித் தூக்கும் சிறு அடைப்புப் பலகைகள் இருக்கின்றன. ஏரிப் பாசனம் அறிந்த எவரும் அவற்றைத்தான் மதகு என்பார்; அந்தச் சொல்லை அங்கே வைப்பதே முறை. ‘படகேற்றி’ என்பதை 1875-இல் திறக்கப்பட்ட ஆண்டர்டன், 2002-இல் திறக்கப்பட்ட ஃபால்கர்க் சக்கரம் போன்ற, படகையே தொட்டியோடு தூக்கும் பொறிகளுக்கு விட்டுவைக்க வேண்டும்.

ஆகவே ‘நீர்ப்படி’ என்பதை முன்மொழிகிறேன். டிவைசஸ் ஊரருகே கேன் ஹில் சரிவில் இரண்டு மைல் தொலைவுக்குள் 29 அறைகள் கால்வாயை 237 அடி உயர்த்துகின்றன. அதைப் ‘படிவரிசை’ எனலாம். பிங்லி ஊரில் 1774-இல் திறக்கப்பட்ட ஐந்து அறைகளும் இடைவெளியின்றி அமைந்து, ஒன்றின் மேற்கதவே அடுத்ததன் கீழ்க்கதவாக இருக்கிறது, அது ‘ஒட்டுப்படி’.

உயிரோடு தொடர்புடைய சொல் இன்னொன்று உண்டு. மேற்கதவின் அடியில் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல்மேடையை ஆங்கிலேயர் ‘சில்’ என்கிறார்கள். கீழே இறங்கும்போது படகின் பின்புறம் அதன்மேல் நின்றுவிட்டால், நீர் வடிய வடிய முன்புறம் மட்டும் தாழ்ந்து, சில நிமிடங்களில் படகுக்குள் நீர் புகுந்துவிடும். அதன் எல்லையைக் காட்டுவதற்காகவே அறைச்சுவரில் வெள்ளைக் கோடு இட்டிருக்கிறார்கள். ‘வாசற்படி’ என்று ஒரு நண்பர் சொன்னது பொருளுக்கு மிக நெருக்கமானது. எனினும் ‘நீர்ப்படி’ அருகே இன்னொரு ‘படி’ வந்தால், அவசரத்தில் கூவும் எச்சரிக்கை தெளிவாக விழாது. மணல்திட்டில் படகு தட்டியது என்பது நம் கடற்கரைப் பேச்சில் உள்ளதுதான் என்பதால் ‘கதவடித் திட்டு’ என்றே எழுத விரும்புகிறேன். ‘வெள்ளைக் கோட்டைத் தாண்டி முன்னே நில், திட்டில் தட்டாதே’ என்றால் சிறுவருக்கும் புரியும்.

பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகுகள் ஓடிய காலத்தில் அங்கும் இத்தகைய அறைகள் இருந்தன. அந்தக் கரையோர ஊர்களைச் சேர்ந்தவர்கள், படகோட்டிகள் அவற்றை எப்படி அழைத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். புழங்கிய சொல் கிடைத்தால் ‘நீர்ப்படி’யை மகிழ்ச்சியோடு விலக்கிக்கொள்வேன். கையேடு பங்குனிக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.