அம்மாச்சி வீடு குழு: பாப்பாவின் காதுகுத்துப் பத்திரிகை

பெரியம்மா: பத்திரிகை நன்றாக இருக்கிறது தாயி. பெரியவன் பேருக்கு மட்டும் அவனைப் பெற்ற அப்பாவின் பழைய இனிஷியலே இருக்கிறதே? அண்ணனுக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று என்றால் வருகிறவர்கள் கேட்க மாட்டார்களா?

அக்கா: கேட்கட்டும் பெரியம்மா. அச்சகத்தில் முதலில் புது இனிஷியல்தான் போட்டு அனுப்பினார்கள். அவன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது யாரும்மா?" என்று கேட்டான். அப்புறம் எப்படி அப்படியே விடுவது?

வக்கீல் சித்தப்பா: மாற்றியே ஆகணும் என்று சட்டம் எதுவும் இல்லை. 2022-ல் சுப்ரீம் கோர்ட், மறுமணம் செய்த அம்மாவுக்குப் பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்ய உரிமை உண்டு என்றது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அப்பா இறந்துவிட்டார். இங்கே அவர் இருக்கிறார், மாதம் இரண்டு ஞாயிறு வந்து பார்க்கிறார்.

பெரியம்மா: மாப்பிள்ளை தத்து எடுத்துக்கொண்டால் எல்லாம் ஒன்றாகிவிடுமே?

வக்கீல் சித்தப்பா: அதற்குப் பெற்ற அப்பாவின் சம்மதம் வேண்டும் அண்ணி. 1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி தத்துப் போனால் பிறந்த குடும்பத்து உறவு அறுந்துவிடும். மாப்பிள்ளை சொத்தில் இப்போது அவனுக்குத் தானாகப் பங்கு வராது. கொடுக்க நினைத்தால் உயில் எழுதலாம்.

அத்தான்: உயில் எழுதிவிடுகிறேன் மாமா. தத்து வேண்டாம். அவனுக்கு அப்பா இருக்கிறார். என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறான், எனக்கு அதில் குறையே இல்லை. ராத்திரி கரண்ட் போனால் தலையணையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில்தான் வந்து படுக்கிறான்.

அம்மா: அவன் அப்பத்தா நேற்று போன் பண்ணினார்கள். "தூர நின்று பேரனைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் சம்பந்தி" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

பெரியம்மா: மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அந்தம்மா வந்து நின்றால் சரிப்படுமா?

அக்கா: நானும் அவன் அப்பாவும்தான் பிரிந்தோம் பெரியம்மா. மூன்று வயசு வரை அவனுக்குச் சோறு ஊட்டியது அந்த அத்தை. அவரை நான் அழைக்கவில்லை, அத்தை வரட்டும். பழைய கதையை யாரும் எடுக்கக்கூடாது. முக்கியமாக, "எந்த அப்பாவைப் பிடிக்கும்?" என்று அவனிடம் கேட்கவே வேண்டாம். போன தீபாவளிக்கு அப்படிக் கேட்டதில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியம்மா: நான்தான் கேட்டேன். விளையாட்டு என்று நினைத்துவிட்டேன் தாயி. இனி கேட்க மாட்டேன்.

நான்: அக்கா, பெரியவனுக்கும் என் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். தாய்மாமன் இரண்டு பேருக்கும் ஒருத்தன்தானே. சீர்த்தட்டில் பாப்பா பட்டுப்பாவாடையோடு அவனுக்கும் வேட்டி சட்டை வைக்கிறேன்.

அக்கா: ஒட்டிக்கோ வேட்டியாகப் பார்த்து எடுடா. ஓடியாடுகிற பிள்ளை.

அம்மா: சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன். முறுக்கு சுட்டு எடுத்து வருகிறார்களாம். காலை 7 மணிக்குத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு யாராவது போகணும்.

அத்தான்: நான் போகிறேன் அத்தை. பெரியவனையும் வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன்.