ஏற்காட்டுப் பேருந்தில் கேட்ட கதையை எழுதலாமா?

சேர்வராயன் மகள்:

சென்ற வாரம் நம் குழுவில் அஸ்தம்பட்டி வாசகன் எழுதிய பதிவு பல இடங்களில் பகிரப்பட்டு வருவதால், அதைப் பற்றித் தனி இழையில் பேச விரும்புகிறேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மாலைப் பேருந்தில், முன்னிருக்கையில் இருந்த இரண்டு இளம்பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்பதும், ஒருத்திக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதும், அதைத் தடுக்க வழி தெரியாமல் தவிக்கிறார்கள் என்பதும் அப்பேச்சிலிருந்து அவருக்குப் புரிந்திருக்கிறது. அதை மிகுந்த பரிவோடு எழுதியிருக்கிறார். அந்தப் பரிவை நான் சிறிதும் சந்தேகிக்கவில்லை.

ஆனால் அவர்கள் இறங்கிய நிறுத்தம், ஒருத்தி அணிந்திருந்த சீருடை, மற்றவளின் தாயார் பார்க்கும் வேலை ஆகிய எல்லாம் அந்தப் பதிவில் இருக்கின்றன. நான் இந்த மலையில் ஆசிரியையாக இருக்கிறேன். இம்மூன்றும் ஒன்றாகக் கிடைத்துவிட்டால் ஏற்காட்டில் யாருக்கும் பெயர் தேவைப்படாது. பதிவின் கீழே ஒருவர், "எந்த எஸ்டேட் என்று எனக்குத் தெரியும்" என்று எழுதியும் விட்டார். அப்பெண்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. தங்களைப் பற்றி இப்படி ஒரு பதிவு சுற்றுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியுமா என்பதும் ஐயம். அந்தப் பதிவை முழுவதுமாக நீக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அஸ்தம்பட்டி வாசகன்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் பதிவை நீக்க எனக்கு மனமில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, விருப்பத்தோடு உறவு கொள்ளும் வயது வந்தவர்களுக்குப் பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அப்போது அது சொன்ன காரணங்களை நினைத்துப் பாருங்கள். இவர்கள் மக்கள் தொகையில் மிகச் சிறு பகுதியினர் என்றும், 150 ஆண்டுகளுக்கும் மேலாக இப்பிரிவின் கீழ் வழக்கைச் சந்தித்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்றும் அது குறிப்பிட்டது. கண்ணில் படாத மனிதர்களை இல்லாத மனிதர்களாகவே கணக்கில் வைத்துக்கொண்டார்கள். ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அந்தப் பிழையைத் திருத்துவதற்கு 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தத் திருத்தம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நம் ஊரில் இப்படிப்பட்டவர்கள் உண்டா என்று கேட்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். சென்னை, பெங்களூரு விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்கள் போகிற அதே பேருந்தில், அதே கொண்டை ஊசி வளைவுகளில் இந்தக் காதலும் பயணம் செய்கிறது என்பதைக் காட்டவே எழுதினேன். ஆத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் இளைஞர்கள் தனிச்செய்தி அனுப்பினார்கள். தங்களைப் போல் இன்னொருவர் இந்த மாவட்டத்தில் இருப்பதை முதன்முறையாக அறிந்ததாக அவர்களில் ஒருவர் எழுதினார். இதைப் பயனற்றது என்று எப்படிச் சொல்வேன்?

சேர்வராயன் மகள்:

பயனற்றது என்று நான் எழுதவில்லை, ஐயா. அந்தப் பயனுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன். 2018 தீர்ப்புக்குக் காரணமான மனுவில் நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹர், பத்திரிகையாளர் சுனில் மெஹ்ரா, சமையல் கலைஞர் ரிது டால்மியா முதலியோர் தங்கள் சொந்தப் பெயரில் கையொப்பமிட்டார்கள். வரப்போகும் ஏச்சையும் எண்ணிப் பார்த்துவிட்டு, தாங்களே முடிவு செய்து நீதிமன்றத்திற்கு வந்தவர்கள் அவர்கள். பேருந்தில் இருந்த பெண்களுக்கு அப்படி முடிவு செய்யும் வாய்ப்பே தரப்படவில்லை.

பொது இடத்தில் பேசியதுதானே என்று சிலர் சொல்லக்கூடும். அந்தரங்க உரிமை பற்றி 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் வழங்கிய புட்டசாமி தீர்ப்பு அதற்கும் விடை கூறியிருக்கிறது. ஒருவர் பொது இடத்தில் இருப்பதனாலேயே அவருடைய அந்தரங்க உரிமை அழிந்துவிடுவதில்லை, அந்த உரிமை இடத்தை ஒட்டியதாக இல்லாமல் ஆளை ஒட்டியதாக இருக்கிறது என்பது அதன் சாரம். ஒருவருடைய பாலீர்ப்பு அந்தரங்கத்தின் இன்றியமையாத கூறு என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2010இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் வீட்டுக்குள் கேமராவோடு சிலர் நுழைந்து, அவர் இன்னொரு ஆணோடு இருந்ததைப் படம்பிடித்தார்கள். அந்தக் காட்சி வெளியே வந்து, அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. அடுத்த சில நாட்களில் அவர் தம் வீட்டில் இறந்து கிடந்தார். டெல்லித் தீர்ப்பு நடப்பில் இருந்த காலத்தில், சட்டம் அவர் பக்கம் இருந்தபோதே இது நடந்தது.

அஸ்தம்பட்டி வாசகன்:

சிராஸின் வீட்டுக்குள் நுழைந்தவர்களோடு என்னை ஒப்பிடுவது நியாயமாகாது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். அவர்கள் அழிக்க வந்தவர்கள்.

தாங்கள் குறிப்பிட்ட மனுதாரர்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் பெயரும் புகழும் உடையவர்கள், தலைநகரில் வழக்கறிஞர்களை அமர்த்த வசதி உள்ளவர்கள். காப்பித் தோட்டத்துக் கூலித் தொழிலாளியின் மகள் எந்தப் பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிடப் போகிறாள்? சொந்தக் குரலில் சொன்னால்தான் கேட்போம் என்று விதி வகுத்துவிட்டால், வசதியுள்ளவர்களின் கதைகள் மட்டுமே எஞ்சும். மலையிலும் சமவெளிக் கிராமங்களிலும் இருப்பவர்களின் துயரம் எவர் காதிலும் விழாமலே போகும். பிறர் வாழ்வை நேரில் அறிந்ததால் மனம் மாறியவர்கள் உண்டு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த வாழ்க்கையைப் பற்றித் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே 2021 ஜூன் 7 ஆணையை எழுதினார். ஒரு நீதிபதிக்கே கேட்டறிவது தேவைப்பட்டது என்றால், நம் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் வாழும் சாதாரண மனிதர்களுக்கு அது தேவைப்படாதா?

செவ்வாய்ப்பேட்டை பெரியவர்:

ஆசிரியை அம்மா சொல்வதுதான் சரி. இவை வீட்டு விவகாரங்கள், ஊரைக் கூட்டிப் பேச வேண்டியவை அல்ல. சட்டம் இப்போது யாரையும் தண்டிப்பதில்லை, அத்தோடு விட்டுவிடலாம். திருமண உரிமை கேட்டவர்களுக்கும் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பெற்றோர் நல்ல இடம் பார்க்கிறார்கள். இருவரும் ஒரு காலத்தில் இதை மறந்து குடும்பம் நடத்துவார்கள். யாரும் எதையும் எழுதாமல், பேசாமல் இருப்பதே அவர்களுக்கும் குடும்ப மானத்திற்கும் நல்லது.

சேர்வராயன் மகள்:

பெரியவரே, தாங்கள் எனக்குத் தரும் ஆதரவை என்னால் ஏற்க இயலாது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் நான் இந்த இழையைத் தொடங்கியதே தீங்காக முடிந்துவிடும்.

அவர்களைப் பற்றி யாரும் எழுதக் கூடாது என்று நான் சொல்வது, வாழ்க்கை அவர்களுடையது, சொல்வதா மறைப்பதா என்ற முடிவும் அவர்களுடையது என்பதனால். தாங்கள் சொல்வதோ அவர்கள் தாங்களும் பேசக் கூடாது என்பது. அந்தப் பேசாமையில்தான் விருப்பமில்லாத திருமணங்கள் நடக்கின்றன. மணமேடையில் உட்காரப்போகிற பெண்ணின் வாழ்க்கை மட்டுமா, எதுவும் அறியாமல் பக்கத்தில் அமரப்போகிற அந்த இளைஞனின் வாழ்க்கையும் சேர்ந்தே பாழாகிறது. இதை எவ்விதம் நல்ல இடம் என்பது?

2023 தீர்ப்பு திருமணத்தை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனால் இருவர் சேர்ந்து வாழும் உரிமையையும் வன்முறையிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமையையும் அது பறிக்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், பெற்றோரால் தடுத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை அவள் விருப்பப்படி போக அனுமதித்தார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியாகாது என்றும், தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்ற ஒன்று உண்டு என்றும் கூறினார்கள். அந்த வழக்கின் தலைப்பில் மனுதாரரின் பெயர் முதலெழுத்துகளாக மட்டுமே இருக்கிறது. பெயரைக் காத்தபடியே நீதி வழங்க முடிந்திருக்கிறது என்பதை அஸ்தம்பட்டி வாசகனும் கவனிக்க வேண்டும்.

பேசத் துணிந்தவர்களுக்கு நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. சேலத்தில் பிறந்த திருநங்கை பிரித்திகா யாஷினி, காவல் உதவி ஆய்வாளர் தேர்வில் தம்மை ஏற்க மறுத்தபோது தம் பெயரிலேயே உயர் நீதிமன்றம் சென்று வென்றார். அவர் வாழ்க்கையை ஊரறியச் சொல்லலாம், ஏனெனில் அவரே சொன்னார்.

செவ்வாய்ப்பேட்டை பெரியவர்:

எனக்கு மணமாகாத பேத்தி ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி இப்படி ஒரு பதிவு வந்தால், எழுதியவரை நான் மன்னிக்க மாட்டேன். அவளை என்ன செய்வேன் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒரு சேலத்துக்காரன்:

பெரியவர் சொல்லாமல் விட்ட அந்தக் கடைசி வாக்கியத்திற்காகத்தான் நான் இத்தனை ஆண்டுகளாக இந்த மாதிரி உரையாடல்களைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். இன்று எழுதுகிறேன்.

நான் ஆண்களை விரும்பும் ஆண். பள்ளியில் படித்த காலத்தில் எங்களைப் பற்றித் தமிழில் எனக்குக் கிடைத்தவை கேலிப் பேச்சும் குற்றச் செய்தியும் மட்டுமே. பிறகு ஒருநாள் ஐந்து ரோடு பக்கத்தில் இருந்த இணைய மையம் ஒன்றில், முன்பின் அறியாத ஒருவர் தம் தாயிடம் உண்மையைச் சொன்னதைத் தமிழில் எழுதியிருந்ததைப் படித்தேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வந்தது என்பதையே பெரிய செய்தியாகச் சொல்வேன். ஆகவே கதைகளின் பயனைப் பற்றி அஸ்தம்பட்டி அண்ணன் சொல்வதற்கு நானே சாட்சி. ஆனால் நான் படித்த அந்தக் கதையை எழுதியவர் அதற்கு உரியவர்.

பின்னாளில் என் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டு என்னைப் பற்றி எழுதினார். அச்சேறும் முன் காட்டினார். நான் நீக்கச் சொன்னவை என் காதலைப் பற்றிய வரிகள் என்று அவர் எதிர்பார்த்தார். அவற்றில் ஒன்றையும் நான் தொடவில்லை. என் தந்தையின் தொழில், தெருமுனையில் உள்ள கோயில், அங்கே ஆடி மாதத்தில் நடக்கும் விழா ஆகியவற்றைத்தான் எடுக்கச் சொன்னேன். இந்த ஊரில் கொலுசுப் பட்டறை என்று எழுதினால் சில தெருக்கள் நினைவுக்கு வரும், வெண்பட்டுத் தறி என்று எழுதினால் வேறு சில தெருக்கள் வரும், அங்கிருந்து வீட்டு வாசலுக்கு வர யாருக்கும் அதிக நேரம் ஆகாது. வெளியூர் வாசகருக்கு அழகான வருணனையாகத் தெரிவதெல்லாம் உள்ளூர்க்காரருக்கு முகவரி. அண்ணன் ஒரு வெளியூர்ப் பத்திரிகைக்கு எழுதுகிற முறையில் உள்ளூர்க் குழுவில் எழுதிவிட்டார் என்பது என் கருத்து.

அடையாளம் தெரிந்துவிட்டால் முதலில் வருவது காவல்துறை இல்லை. கைப்பேசி பிடுங்கப்படும், வேலைக்குப் போவது நிறுத்தப்படும், அத்தை வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள், அடுத்த ஆண்டு என்று இருந்த திருமணம் அடுத்த முகூர்த்தத்திற்கு வந்துவிடும். குணப்படுத்துகிறேன் என்று சொல்லும் மருத்துவரைத் தேடிப் போகும் குடும்பங்களும் உண்டு.

அப்பெண்களுக்கு உதவ வேண்டும் என்பதே நோக்கமானால், அவர்கள் கதை இருந்த இடத்தில் அவர்களுக்குப் பயன்படுவதை எழுதுங்கள். வயது வந்த இருவர் விரும்பிச் சேர்ந்து வீட்டை விட்டு வெளியேறி, பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தால், அவர்களின் வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு தொந்தரவு செய்யாமல் அந்தப் புகாரை முடித்துவிட வேண்டும் என்று 2021 ஆணை காவல்துறைக்குச் சொல்கிறது. எங்களைத் துன்புறுத்தும் காவலர்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் காவலர் நடத்தை விதிகளில் புதிய விதியைச் சேர்த்தது. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை அளிப்பது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டில் அறிவித்தது. மலைமேல் இருக்கும் எத்தனை பெண்களுக்கு இவை தெரியும்?

அஸ்தம்பட்டி வாசகன்:

தம்பி, தாங்கள் எழுதியதை மீண்டும் மீண்டும் படித்தேன். தாங்கள் குறிப்பிட்ட ஆணைகளையும் விதிகளையும் பதிவின் கீழே சேர்க்கிறேன். ஆசிரியை கேட்டதை மதித்து நிறுத்தம், சீருடை, தாயாரின் வேலை ஆகியவற்றை எடுத்துவிடுகிறேன். ஆனால் பதிவு இருக்கும். ஆணை எண்களை மட்டும் எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஆத்தூரிலிருந்து எழுதிய அந்த இளைஞன் அரசாணையைப் படித்து எனக்குச் செய்தி அனுப்பவில்லை, இரண்டு பெண்களின் பேச்சைப் படித்துத்தான் அனுப்பினான்.

சேர்வராயன் மகள்:

விவரங்களை எடுப்பதற்கு நன்றி. எனினும் முதல் வடிவம் வாட்ஸ்அப்பில் படமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் சக ஆசிரியர் ஒருவரின் கைப்பேசிக்கே அது வந்திருக்கிறது. பதிவு இருக்கும் வரை அந்தப் படத்தைத் தேடுவோரும் இருப்பார்கள். ஆகவே என் கோரிக்கையை நான் திரும்பப் பெறவில்லை. நிர்வாகிகளிடம் உடனடியாக ஒன்றைக் கேட்கிறேன். "எந்த எஸ்டேட் என்று எனக்குத் தெரியும்" என்ற பின்னூட்டம் இந்த நிமிடம் வரை அப்படியே இருக்கிறது, அதன் கீழ் ஊகங்களும் தொடங்கிவிட்டன. அவற்றை இன்றே நீக்கி, அந்தப் பதிவில் பின்னூட்டங்களை மூட வேண்டும்.

அஸ்தம்பட்டி வாசகன்:

பின்னூட்டங்களை மூடுவதில் எனக்கும் முழுச் சம்மதம், நானே இப்போது மூடிவிடுகிறேன். பதிவைப் பற்றிய என் முடிவில் மாற்றம் இல்லை.