9 வருஷமா மாட்டுத்தொழுவுல நிக்கிற அப்பாவோட மஹிந்திரா பிக்கப்: மொதல்ல எங்க கைய வைக்கிறது?

கம்பத்துப்பய:

அண்ணன்மாருக்கு வணக்கம். இத்தன நாளு சத்தம் காட்டாம படிச்சுட்டு மட்டும் போயிக்கிட்டிருந்தேன், இப்ப கேக்குற நெலமை வந்துருச்சு.

எங்க அப்பா 1994ல வாங்குன மஹிந்திரா பிக்கப், பழைய ஜீப் மூஞ்சி, பீஜோ இன்ஜின், ஆர்சி புக்குல என்சி 640 டிபின்னு போட்ருக்கு. அட்ரஸ்ல மதுரை மாவட்டம்னு இருக்கும், தேனி தனி மாவட்டமா ஆனதே 1996லதான. கம்பத்துப் பக்கம் எங்களுக்கு பன்னீர் திராட்சைத் தோட்டம், சாயங்காலம் வரைக்கும் பறிச்சு பெட்டியில அடுக்கி ராத்திரி கெளம்புனா குமுளி ஏறி எறக்கிட்டு விடிய வீட்டுல வந்து நிக்கும், சின்னப் பயலா இருக்கையில பெட்டிக்கு மேல தார்ப்பாய்ல படுத்து தூங்கிக்கிட்டே போயிருக்கேன். 2016ல அப்பாவுக்கு மூட்டுவலி முத்திப்போச்சு, அன்னைக்கு தொழுவுல விட்டதுதான், அதுக்கப்பறம் யாரும் சாவி போடல. போன வருஷம் அப்பாவும் தவறிட்டாரு.

இப்ப நெலமை என்னன்னா, நாலு டயரும் தரையோட ஒட்டிக் கெடக்கு. டிரைவர் பக்கம் கால் வைக்கிற தகடு இத்துப்போயி கீழ சாணி தெரியுது. ஏர் கிளீனரத் தொறந்தா உள்ள எலிக்கூடு, பெட்டிக்கு அடியில விரிக்கிற பழைய பேப்பரத்தான் கடிச்சுக் கொண்டாந்து கூடு கட்டியிருக்கு, அதுல 2017 பொங்கல் விளம்பரம் ஒன்னு படிக்கிற மாதிரியே இருக்குண்ணே. சேஸ் மட்டும் கல்லு மாதிரி இருக்கு, சுத்தியல வச்சு தட்டிப் பாத்தேன்.

ஊருல ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க. மெக்கானிக் ஒருத்தரு புது பேட்டரி போட்டு டீசல ஊத்தி டிராக்டர்ல கட்டி ஒரு இழுப்பு இழுத்தா கெளம்பிரும்ங்கிறாரு. சித்தப்பா அந்த இன்ஜின தூக்கிப் போட்டுட்டு டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) டீசல் இன்ஜின் போடுங்கிறாரு. அம்மா எதுவும் சொல்லல, ஆனா எடைக்குப் போடுற ஆளு வந்து வெல கேட்டப்ப தண்ணி கூட குடுக்காம அனுப்பிட்டாங்க. எனக்கு பைக் வேலை கொஞ்சம் தெரியும், டீசல் இன்ஜின் சுத்தமா தெரியாது. எங்க ஆரம்பிக்கிறது?

---

ஓல்டுஜீப்_கோவை:

தம்பி, அந்த டிராக்டர் வேலைய மட்டும் கனவுல கூட நெனைக்காதீங்க சாமி. ஒன்பது வருசம் நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங்கு சிலிண்டரோட துரு புடிச்சு ஒட்டியிருக்கும், டிராக்டர் இழுக்குற வேகத்துக்கு ஒன்னு ரிங்கு ஒடயும் இல்லீன்னா பிஸ்டன் ராடு வளையும், அப்பறம் நிஜமாவே எடைக்குத்தான் போடோணும்.

உங்க இன்ஜின் எக்ஸ்டிபி 4.90. நாலு சிலிண்டர், போர், அதாவது சிலிண்டர் விட்டம் 90 மில்லிமீட்டர், அதான் அந்தப் பேரு, 2112 சிசி. பொறுமையான இன்ஜினுங்க, சத்தம் ஜாஸ்தி, இழுவை கம்மி, ஆனா சாகாது. மொதல்ல இன்ஜெக்டர் நாலையும் கழட்டி வெளிய எடுங்க. அந்த ஓட்டை வழியா ஒவ்வொரு சிலிண்டர்லயும் ரெண்டு மூடி அளவுக்கு டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊத்தி நாலஞ்சு நாள் அப்படியே உட்டுருங்க, எலி போகாம துணிய அடச்சு வெய்ங்க. அப்பறம் கிராங் புல்லி நட்டுல பெரிய ஸ்பேனரப் போட்டு கையால சுத்திப் பாருங்க. முன்னயும் பின்னயும் லேசா ஆட்டி ஆட்டித்தான் எடுக்கோணும், பைப்பு மாட்டி ஏறி மிதிக்கற வேலையெல்லாம் வேண்டாம். ரெண்டு முழு சுத்து வந்துதுன்னா பாதிக் கெணறு தாண்டீட்டீங்க.

ஆயில் மாத்தறப்ப சம்ப் (இன்ஜின் அடியில ஆயில் நிக்கற தொட்டி) நட்ட ஒரேடியா கழட்டிப்போடாதீங்க, மெதுவா லூஸ் பண்ணி மொதல்ல வர்றது என்னன்னு ஒரு கண்ணாடி டம்ளர்ல புடிங்க. தண்ணி கனம், ஆயிலுக்கு அடியில போயி நிக்கும், அதனால இருந்தா அதுதான் மொதல்ல வரும். வந்தா இங்க சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு வேலையும் செய்யாதீங்க.

டீசல் டேங்க்க எறக்கியே ஆகோணும். பழைய டீசல் வார்னிஷ் வாசம் அடிக்கும், அடியில தார் மாதிரி கெடக்கும். கை நெறைய சல்லிக்கல்ல போட்டு புது டீசல் கொஞ்சம் ஊத்தி நல்லா குலுக்கி ஊத்துங்க, கறுப்பு நிக்கற வரைக்கும். பம்பயும் இன்ஜெக்டரயும் நீங்க பிரிக்க வேண்டாம், பம்ப் டெஸ்டிங் பண்ற கடையில குடுங்க, அதுல மட்டும் காசு மிச்சம் புடிக்காதீங்க.

---

ரூல்ஸ்பாண்டி:

எல்லாரும் ஸ்பேனரத் தூக்குறதுக்கு முன்னாடி பேப்பர யாராவது பாத்தீங்களா? நான் ஒரு வேனுக்கு ரெண்டு லட்சம் செலவழிச்சு பெயிண்ட் அடிச்சு முடிச்சப்பறம்தான் அது பேர்ல இருந்த பழைய பாக்கிய கண்டுபுடிச்சேன், அந்த வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

வண்டி மஞ்ச போர்டு. 2016ல நிறுத்துறப்ப ஓட்டலன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாரா அப்பா? குடுக்கலன்னா டாக்ஸ் அபராதத்தோட ஏறிக்கிட்டே போயிருக்கும். மொதல்ல பரிவாகன் வெப்சைட்ல நம்பரப் போட்டு ஆர்சி உயிரோட இருக்கா, எஃப்சி (வண்டி ஓடத் தகுதின்னு குடுக்குற சான்று) எப்ப முடிஞ்சுது, ஏதாச்சும் பைனான்ஸ் பேரு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க.

அப்பா பேர்ல இருக்குற வண்டிய உங்க பேருக்கு மாத்த ஃபார்ம் 31, அது ஓனர் தவறிட்டா போடுற ஃபார்ம். அதோட எறப்புச் சான்று, தாசில்தார் குடுக்குற வாரிசுச் சான்று, அதுல பேரு இருக்குற மத்தவங்க சம்மதம். தவறி 3 மாசத்துக்குள்ள போடணும்னு ரூல், தாண்டிருச்சுன்னா ஃபைன் கட்டுவீங்க, முடியாமலாம் போகாது. எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு எஃப்சி வருஷா வருஷம் காட்டணும், 15 வருஷம் தாண்டினதுக்கு 2022 ஏப்ரல்ல இருந்து ஃபீஸ பல மடங்கு ஏத்திட்டாங்க, பசுமை வரியும் உண்டு, இதையெல்லாம் ஆபீஸ்ல கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி கூட்டிப் பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க.

நல்ல சேதியும் இருக்கு. மொத்த எடை 3000 கிலோவுக்குள்ளன்னா பெர்மிட் வேணாம், ஆர்சில பாருங்க. லைசென்ஸும் சாதா கார் லைசென்ஸ் போதும், 7500 கிலோ வரைக்கும் செல்லும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. சித்தப்பா சொல்ற இன்ஜின் மாத்துறதுதான் ஆபத்து, ஆர்டிஓ அனுமதி இல்லாம மாத்துனா ஆர்சி நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒத்துப்போகாது, எஃப்சி அன்னைக்கு மாட்டிக்குவீங்க.

---

டிஐ_மாரி:

பாண்டியண்ணே அனுமதி வாங்கி மாத்துனா என்ன தப்பு? நான் என் ஜீப்புல மாத்தியிருக்கேன், மைலேஜ் கூட, மேட்டுல இழுவை கூட, ஸ்பேர் எந்த ஊருலயும் கெடைக்கும். பீஜோவுக்கு ஒரு கேஸ்கெட் செட்டுக்கு நான் மதுரை முழுக்க அலைஞ்சிருக்கேன். ஞாபகார்த்தம்னு நிறுத்தி வைக்கிறதுன்னா பீஜோ ஓகே, தோட்டத்துக்கு ஓட்டணும்னா டிஐதான்.

---

கம்பத்துப்பய:

கோவை அண்ணே, தண்ணி வந்துருச்சு. ஒரு டீ கிளாஸ் அளவு. ஆனா நல்ல தெளிஞ்ச தண்ணி, அதுக்கப்பறம் கறுப்பா ஆயில். சிலிண்டர் ஹெட்டு போச்சா?

இன்ஜின் சுத்துச்சுண்ணே! ஆறாவது நாள்தான் அசைஞ்சுது. மொதல்ல ஒரு ‘டக்’னு சத்தம், நெஞ்சு நின்னுருச்சு, அப்பறம் வெண்ணெ மாதிரி சுத்துது.

---

ஓல்டுஜீப்_கோவை:

பால்காப்பி கலர்ல வந்துருந்தா ஓடறப்பவே தண்ணியும் ஆயிலும் கலந்துருக்குன்னு அர்த்தம், அதுதான் பயம். தெளிஞ்ச தண்ணின்னா நின்ன எடத்துல சேந்தது. ஒன்பது வருசத்துப் பனியும் மழையும் சைலன்சர் வழியா எறங்கியிருக்கலாம், இல்ல ரேடியேட்டர் தண்ணி கசிஞ்சிருக்கலாம். ஊகத்துல ஹெட்ட கழட்டாதீங்க. சம்ப்ப கழட்டி வெச்சுட்டு ரேடியேட்டர் நெறைய தண்ணி ஊத்தி ராத்திரி பூரா உடுங்க, கீழ ஒரு அட்டைய விரிச்சு வெய்ங்க. காலைல அட்டை காஞ்சிருந்தா சந்தோசம். ஈரம் இருந்தா டார்ச் அடிச்சு எங்கிருந்து சொட்டுதுன்னு பாருங்க, லைனர் (சிலிண்டருக்குள்ள இருக்கற குழாய்) அடியா, மேலிருந்து வருதான்னு. சம்ப்ப கழட்டறதுனால அடியில இருக்கற சேத்தயும் வழிச்சு எடுத்தர்லாம்.

மாரி சொல்றது தப்பில்ல, மைலேஜ் கூடத்தான். ஆனா சுத்தற இன்ஜின வெச்சுட்டு எதுக்குங்க மாத்தோணும்?

---

யாழ்வடலி:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட ஊரில பழைய கார் எண்டா மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40யும்தான், சண்டைக் காலத்தில பெற்றோல் வரத்து இல்லாம ரெண்டு சொட்டு பெற்றோலை கார்பரேட்டருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடின ஊர் இது. உங்கட டீசல் எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரியாது, பிறேக்கைப் பற்றித் தெரியும், அதை ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை.

தம்பி, எஞ்சின் ஸ்ராட் பண்ணின சந்தோசத்தில அப்பிடியே ஒரு சுத்து ஓடுவம் எண்டு வெளிக்கிடாதீங்கோ. பிறேக் ஒயில் தண்ணியைக் குடிக்கிற சாமான், ஒன்பது வருசம் கிடந்தா வீல் சிலிண்டருக்குள்ள குழி விழுந்திருக்கும். நாலு சக்கரமும் டிரம் எண்டுதான் நினைக்கிறன், நாலையும் கழட்டி ரப்பர் கிற் மாத்துங்கோ, குழி இருந்தா சிலிண்டரையே மாத்துங்கோ. ரப்பர் ஹோஸ் வெளியால பாக்க நல்லா இருக்கும், உள்ளுக்குள்ள ஊதி அடைச்சிருக்கும், பிறேக்கை விட்டாலும் சில்லு விடாது. என்ர பெரியப்பாட காரில இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ரெண்டு மாசம் எடுத்தது, டிரம்மை நாலு தரம் கழட்டினது மிச்சம்.

கிளச் பிளேற்றும் ஒட்டியிருக்கும். பெடலை அமத்திப்போட்டு சீற்றுக்கும் பெடலுக்கும் இடையில ஒரு தடியை முண்டு குடுத்து ரெண்டு நாள் விடுங்கோ, அனேகமா விட்டிடும். ரயரில நாலு இலக்கம் இருக்கும், கடைசி ரெண்டும் வருசம், முதல் ரெண்டும் எத்தினையாம் கிழமை எண்டு. அதைப் பாத்திட்டு பழசெல்லாத்தையும் எறியுங்கோ.

---

ஓல்டுஜீப்_கோவை:

யாழ் அண்ணன் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டாம். நான் இன்ஜின் ஆசையில பிரேக்க மறந்துட்டேன்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இதயும் படிங்க. பம்ப் உள்ள டீசல் அளவ கூட்டிக் கொறைக்கற பாகம் இறுகி டீசல் முழுசா தொறந்த நெலையில மாட்டிருந்தா இன்ஜின் கெளம்புன ஒடனே பேயாட்டம் ஆடும். டீசல் இன்ஜின், சாவிய திருப்புனா நிக்காது, ஸ்டாப் கேபிள் இழுத்தும் நிக்கலீன்னா காத்த அடச்சாத்தான் நிக்கும். ஏர் கிளீனர் ஓஸ கழட்டிட்டு அந்த வாய மூடற அளவுக்கு ஒரு பலகைய வெச்சுட்டு ஒருத்தர் பக்கத்துல நிக்கோணும். கைய வெச்சு அடைக்கற வேலை வேண்டாம், இழுத்துக்கும். துணி, சாக்கு இதெல்லாமும் வேண்டாம், பலகை. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கச் சொன்னா கேக்காதீங்க, ஹீட்டர் பிளக் செவந்து கெடக்கறப்ப அத அடிச்சா வெடிக்கும்.

---

கம்பத்துப்பய:

நாலு மாசம் ஆச்சு, பதில் போடாததுக்கு மன்னிக்கணும், அறுவடை நேரம்.

அட்டை காஞ்சுதான் இருந்துச்சு! ஹெட்டத் தொடல. பம்பும் இன்ஜெக்டரும் தேனியில குடுத்து வாங்குனேன், பிரேக் மொத்தமும் புதுசு, யாழ் அண்ணன் சொன்ன மாதிரியே பின்னாடி ஹோஸ அறுத்துப் பாத்தா குண்டூசி போற அளவுக்குத்தான் ஓட்டை. கால் தகட்ட வெட்டி எடுத்துட்டு 18 கேஜ் தகடு வச்சு பத்தவச்சாச்சு, வெல்டிங் கொஞ்சம் கோணல், மேல மேட் போட்டா தெரியாது. பெயிண்ட் அடிக்கல. கதவுல அப்பா எழுதுன தோட்டத்துப் பேரு பாதி அழிஞ்சு இருக்கு, பெயிண்டர் அதையும் தேய்ச்சுருவேன்னாரு, அதான் வேணாம்னுட்டேன்.

ஸ்டார்ட் பண்ண அன்னைக்கு சித்தப்பாதான் பலகையோட நின்னாரு, திராட்சைப் பெட்டியோட அடிப்பலகை. ஃபில்டர்ல காத்து எடுத்து, இன்ஜெக்டர் பைப் நட்ட லூஸ் பண்ணி டீசல் பீச்சுற வரைக்கும் செல்ஃப் அடிச்சோம். மூணு தடவ ஒன்னுமில்ல. நாலாவது தடவ ஒரு சிலிண்டர் மட்டும் இருமுச்சு, அப்பறம் ரெண்டு, அப்பறம் தொழு முழுக்க வெள்ளப் புகை, மாடு ரெண்டும் கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. சித்தப்பா பயந்து பலகைய வச்சு அடைச்சே புட்டாரு. நல்லா ஓடிக்கிட்டிருந்த இன்ஜின அமத்திப்போட்டாரேன்னு நான் கத்த, ‘நீதானடா நிக்கச் சொன்ன’ன்னு அவரு கத்த, ஒரே ரகளை. மறுபடி அடிச்சப்ப ஒடனே புடிச்சுக்கிச்சு.

வாரிசுச் சான்று வந்துருச்சு, பேரு மாத்த குடுத்துருக்கேன், டாக்ஸ் பாக்கிய பாத்து தல சுத்துனது உண்மைதான், பாண்டியண்ணே. எஃப்சி முடியிற வரைக்கும் தோட்டத்துப் பாதையில மட்டும் ஓட்டுறேன். எஃப்சி முடிஞ்சதும் மொத ஓட்டம் லோயர் கேம்ப்ல பென்னிகுயிக் மணிமண்டபம் வரைக்கும், அதுக்கு மேல குமுளி ஏத்தம் இப்பத்திக்கு வேணாம்னு இருக்கேன்.

ஒரே ஒரு பிரச்சனைண்ணே. மூணாவதுல இருந்து ரெண்டாவது போட்டா கியர் கரகரன்னு கத்துது. பாக்ஸ எறக்கணும்னு நெனச்சு மெக்கானிக்கோட பேசிக்கிட்டு இருந்தேன், திண்ணையில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த அம்மா ‘ஒங்கப்பா எறங்கு கியருக்கு ரெண்டு தடவ மிதிப்பாருடா, நடுவுல ஒரு தடவ உறும விடுவாரு’ன்னாங்க. அம்மாவுக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. அவங்க சொல்றது சரியாண்ணே, இல்ல பாக்ஸ எறக்கவா?

---

ஓல்டுஜீப்_கோவை:

எறக்காதீங்க. அம்மா சொல்றது டபுள் கிளச். கிளச்ச மிதிச்சு நியூட்ரல் போட்டு உடுங்க, லேசா ஆக்சிலேட்டர் குடுங்க, மறுபடி மிதிச்சு ரெண்டாவது போடுங்க. பாக்ஸ் ஆயில் மாத்தீட்டீங்களா? மாத்தலீன்னா அத மொதல்ல மாத்துங்க. சித்தப்பாகிட்ட சொல்லுங்க, பலகைய பத்தரமா வெச்சுக்கட்டும்.