உதவி தேவை: உருளைக்குப் பின்னால் சுழல்கள் எதிர்த்திசையில் நகர்கின்றன!

நீரோட்டம்27:
திங்கட்கிழமை ரிவ்யூ, அவசரம். உருளையைச் சுற்றிய ஓட்டத்தை ஓபன்ஃபோமில் (நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) ஓட்டி முடித்துவிட்டேன். முடிவைப் படமாகக் காட்டும் பாராவியூவில் பிளே அழுத்தினால், சுழல்கள் உருளையை விட்டு விலகாமல் உருளையை நோக்கி மெதுவாக ஊர்ந்து வருகின்றன. அம்புக்குறி போட்டுப் பார்த்தேன், நீர் சரியாக இடமிருந்து வலம்தான் போகிறது. என்ன தப்பு?

மெஷ்மன்னன்:
எந்த சால்வர் (கணக்கிடும் நிரல்)? ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் அளவையும் பிசுபிசுப்போடு ஒப்பிடுவது)? டைம் ஸ்டெப்? எதுவும் சொல்லாமல் ஜோசியம் கேட்கிறீர்களே தம்பி.

கரைஓரம்:
வெளிவாய் (நீர் வெளியேறும் எல்லை) உருளைக்கு மிக அருகில் இருக்கும். அங்கே வேகத்துக்கு இன்லெட்அவுட்லெட் என்ற எல்லை நிபந்தனையைக் கொடுங்கள். எனக்கு எப்போதும் அங்கேதான் இடிக்கும்.

பைப்லைன்:
படங்களின் பெயர் 1, 10, 100, 2 என்று வரிசை மாறியிருக்கும். படங்களை வீடியோவாக்கும் எஃப்எஃப்எம்பெக்கில் இது சகஜம். பெயரில் 0001 என்று பூஜ்யம் சேருங்கள்.

நீரோட்டம்27:
வீடியோவே இன்னும் எடுக்கவில்லை அண்ணா, பாராவியூ உள்ளேயே அப்படித்தான் தெரிகிறது. ஃபிரேம் எண்ணிக்கையை 1000 ஆக்கியும் பார்த்தேன், ஒரே படம் பத்து முறை நின்று நின்று போகிறது.

பழையசால்வர்:
பொத்தானை அழுத்தினால் வண்ணப்படம் வரும், சிஎஃப்டி (கணினியில் ஓட்டத்தைக் கணக்கிடும் கலை) வராது. லிஃப்ட் குணகத்தை (உருளையின் மீதான குறுக்கு விசையின் அளவை) நேரத்துக்கு எதிராக வரைந்து பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

நீரோட்டம்27:
சாரி சார். சால்வர் பிம்பிள்ஃபோம், ஓட்டம் லாமினார் (கொந்தளிப்பில்லாதது). உருளை விட்டம் 1 செ.மீ, நீரின் வேகம் விநாடிக்கு 1 செ.மீ, டைம் ஸ்டெப் 0.01 விநாடி. சுவர்கள் தள்ளித்தான் இருக்கின்றன. மொத்தம் 600 விநாடி, 100 ஃபோல்டர் இருக்கிறது. லிஃப்ட் ஃபைல் இருக்கிறது: அழகான சைன் அலை, ஒரு சுற்றுக்கு 6 விநாடியும் கொஞ்சமும்.

மெஷ்மன்னன்:
அட, பதிலை நீங்களே எழுதிவிட்டீர்களே! 600 விநாடிக்கு 100 ஃபோல்டர் என்றால் 6 விநாடிக்கு ஒரு முறை சேமித்திருக்கிறீர்கள். உங்கள் ரெனால்ட்ஸ் எண் 100. அதற்கு ஸ்ட்ரூஹல் எண் (சுழல் உதிரும் வேகத்தைச் சொல்வது) ஏறத்தாழ 0.165, அதாவது ஒரு சுற்றுக்கு 6.06 விநாடி. ஒவ்வொரு படமும் சுற்று முடிவதற்குச் சற்று முன்னால் எடுத்தது. அதனால் சுழல் ஒரு துளி பின்வாங்கியது போலத் தெரிகிறது. பழைய படங்களில் குதிரை வண்டிச் சக்கரம் பின்பக்கம் சுற்றுமே, அதே கதைதான். கணக்கில் தவறில்லை, சேமித்ததில்தான் தவறு.

கரைஓரம்:
இருந்தாலும் வெளிவாயை ஒரு முறை பாருங்கள்.

பைப்லைன்:
மறுபடி ஓட்ட வேண்டாம். பாராவியூவில் டெம்போரல் இன்டர்போலேட்டர் ஃபில்டர் இருக்கிறது, இடைப்பட்ட படங்களை அதுவே நிரப்பிவிடும்.

மெஷ்மன்னன்:
வேண்டவே வேண்டாம். அது இரண்டு படங்களுக்கு நடுவே நேர்கோடு போடும், அவ்வளவுதான். 6 விநாடி இடைவெளியில் ஒரு முழுச் சுற்றே தொலைந்திருக்கிறது. பின்னால் ஊர்வதுதான் இன்னும் வழவழப்பாக ஊரும்.

முதலிலிருந்தும் ஓட்ட வேண்டாம் தம்பி. கன்ட்ரோல்டிக்ட் என்ற அமைப்பு ஃபைலில் ஸ்டார்ட்ஃப்ரம் என்பதை லேட்டஸ்ட்டைம் ஆக்கி, எண்ட்டைம் 640, ரைட்இன்டர்வல் 0.25 கொடுங்கள். பர்ஜ்ரைட் 0 தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய ஃபோல்டர்களை அழித்துக்கொண்டே போகும். 160 படம் வரும், சுற்றுக்கு 24 வீதம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 6.4 விநாடி வீடியோ. வண்ண அளவுகோலை எல்லா டைம்ஸ்டெப்புக்கும் சேர்த்து ஒரே வீச்சில் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நிறம் துடிக்கும்.

பழையசால்வர்:
தயவுசெய்து வானவில் நிறம் மட்டும் போட்டுவிடாதீர்கள். மஞ்சள் வருகிற இடத்தில் இல்லாத விளிம்பு ஒன்று முளைக்கும். விரிடிஸ் என்ற நிற வரிசையைப் போடுங்கள்.

கரைஓரம்:
எங்கள் கைடு வானவில் இல்லையென்றால் கையெழுத்தே போட மாட்டார். சிவப்பு என்றால் வேகம் என்று எல்லோருக்கும் தெரியும், அதிலென்ன?

பழையசால்வர்:
எல்லோருக்கும் தெரிந்ததெல்லாம் சரியாகிவிடுமா? நிறக்குருடு உள்ளவர் உங்கள் சிவப்பையும் பச்சையையும் எப்படிப் பிரிப்பார்? தவிர, சுழலைக் காட்ட வேகம் எதற்கு? வார்ட்டிசிட்டி (நீர் சுழலும் அளவு) போடுங்கள். இடம்சுழி நீலம், வலம்சுழி சிவப்பு, நடுவில் வெள்ளை.

பைப்லைன்:
அப்படியென்றால் விரிடிஸும் வேண்டாம்தானே? ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அதைத்தான் போடச் சொன்னீர்கள்.

பழையசால்வர்:
வேகத்துக்குச் சொன்னேன். முழுதாகப் படியுங்கள்.

நீரோட்டம்27:
0.25 வேலை செய்தது, சுழல்கள் ஒழுங்காகப் போகின்றன. ஆனால் எஃப்எஃப்எம்பெக் ‘அகலம் 2 ஆல் வகுபடவில்லை’ என்கிறது. படம் 1919க்கு 1053.

பைப்லைன்:
இதற்காவது என்னை நம்புங்கள். அகலமும் உயரமும் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். 1920க்கு 1080 என்று மறுபடி எடுங்கள். பிக்சல் ஃபார்மட்டில் யுவி420பி கொடுங்கள், இல்லாவிட்டால் பல போன்களில் ஓடாது.

நீரோட்டம்27:
ஓடுகிறது. நன்றி!! வானவில்தான் போட்டேன், மன்னிக்கவும் சார்.